அடிபடாத கட்டைவிரல்

எங்கள் பட்டறையில் நகத்துக்கு வைத்தியர் நான்தான். யாரும் பட்டம் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. வாய்க்கொழுப்பு என்று இப்போது அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

மோதி நசுங்கிய கார்களை நிமிர்த்துவது எங்கள் வேலை. ஒடுக்கு விழுந்த கதவுக்கு உள்பக்கம் இடது கையால் ஓர் இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்கம் சுத்தியலால் தட்டித் தட்டித் தகரத்தைப் பழைய வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை பயமில்லை. விளிம்பை மடிக்கும்போதுதான் வினை. இடது கட்டைவிரல் வெளியே நிற்கும், கண் வண்டியில் இருக்கும், காது பக்கத்தில் இருப்பவன் அளக்கும் கதையில் இருக்கும். சுத்தியல் ஒரு நூல் விலகினால் போதும், உயிர் போய் உயிர் வரும். சாயங்காலத்துக்குள் நகத்தடியில் ரத்தம் கட்டி, நகம் கன்றிக் கறுத்துவிடும்.

அதற்கு என்னிடம் வைத்தியம் இருந்தது. ஊக்கின் முனையை நெருப்பில் காட்டிச் சிவக்க வைத்து, கறுத்த நகத்தின் நடுவில் மெல்லத் தொடுவேன். நகத்துக்கு உயிர் கிடையாது, வலிக்காது. சுர்ரென்று ஒரு பொட்டு ஓட்டை விழும். அடைபட்ட ரத்தம் குபுக்கென்று வெளியே வரும். விண்விண் என்று தெறித்த வலி அந்த நொடியே அடங்கிவிடும். இதைப் படித்துவிட்டு யாரும் ஊக்கைத் தேட வேண்டாம். என்னை முகத்துக்கு நேரே ஏசுகிறவன்கூட விரலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் பாருங்கண்ணே" என்று வந்து நிற்பான். அப்போது என்னைக் கையில் பிடிக்க முடியாது.

இன்னொரு வித்தையும் வைத்திருந்தேன். ரத்தம் கட்டிய இடத்தின் பின்விளிம்பில், அரத்தின் முனையால் நகத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிடுவேன். நகம் வளர வளரக் கோடும் கறுப்பும் சேர்ந்து முன்னால் நகரும். கட்டைவிரல் நகம் அடியிலிருந்து நுனி வரை போய்ச் சேர ஆறு மாதம் ஆகும். யாருடைய கறுப்பு முதலில் நுனிக்கு வந்து வெட்டுப்படுகிறது என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இப்படி ஒரு பொழுதுபோக்கு.

இந்தப் பந்தயத்தில் ஒருநாளும் சேராதவர் ஒருவர் இருந்தார். மெதுவு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அண்ணன் என்பேன். பேசும்போது அண்ணே, மற்ற நேரம் மெதுவு.

அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து மூடுவதற்குள் நாங்கள் கை கழுவிவிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிடுவோம். நடந்தால் எறும்பு ஊர்கிற மாதிரி. அண்ணி துணிக் கம்பெனியில் பொத்தான் வைக்கிறவர், கால் தரையில் பாவாது. இருவரும் சேர்ந்து கடைக்குப் போனால் அண்ணி தெருக்கோடியில் நின்று, "வர்றீங்களா, நான் போய் திரும்பி வந்துடட்டுமா?" என்று கத்துவார். அண்ணன் சிரித்துக்கொண்டே அதே நடையில் வருவார். பிள்ளைகள் இல்லை. மாடியில் இரண்டு அறை, ஒரு குழாய், காயப்போட்ட இரண்டு சட்டை. அதற்குள் அந்த இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஆள் மெதுவே தவிர, கை பொன். சும்மா சொல்லக்கூடாது. ஒடுக்கை அவர் கண்ணால் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு இடது உள்ளங்கையால் தகரத்தைத் தடவுவார். "இங்க ஒரு மயிரளவு இருக்கு" என்பார். விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் இருக்கும். முதலாளி அவருடைய வேகத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் விலை உயர்ந்த வண்டி வந்தால், "மெதுவுகிட்ட கொடு" என்பார். அவர் நிமிர்த்திய கதவில் பள்ளம் நிரப்பப் பட்டி பூசவே வேலை இருக்காது.

அந்த ஆள் விரலில் அடித்துக்கொண்டதில்லை. இருபது வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. என் இடது கை முழுக்கத் தழும்பு. அவருடைய பத்து நகமும் எழுத்து வேலை பார்ப்பவருடையது போல இருக்கும். எனக்கு அது உறுத்தும். பொறாமை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அதனால்தான், ஒருநாள் டீ குடிக்கும் நேரத்தில் அவர் என்னிடம் வந்து இடது கட்டைவிரலை நீட்டியபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"இதைக் கொஞ்சம் பாருப்பா" என்றார்.

நகத்தின் அடியிலிருந்து நுனி வரை நீளவாக்கில் ஒரு கறுத்த பட்டை. பென்சில் கோட்டைவிடக் கொஞ்சம் அகலம். நான் அவருடைய விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பட்டறை முழுக்கக் கேட்கும்படி கூவினேன்.

"டேய், எல்லாரும் வாங்கடா! மெதுவு அண்ணன் அடிச்சுக்கிட்டாரு!"

சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒருவன் கை தட்டினான். ஒருவன், "அண்ணே, இன்னைக்குத்தான்ணே நீங்க தொழிலாளி" என்றான். முதலாளிகூட எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அண்ணனும் சிரித்தார். சிரித்தபடியே என்னிடம் மட்டும் சொன்னார்.

"எனக்கு அடிபட்ட ஞாபகமே இல்லப்பா. வலியும் இல்ல."

"அடிபடறதெல்லாம் நாள் குறிச்சு வெச்சுக்கிட்டா படும்? எல்லாம் பட்டிருக்கும்ணே. உக்காருங்க."

ஊக்கைச் சூடு பண்ணி வைத்தேன். ஓட்டை விழுந்தது. ரத்தம் வரவில்லை. ஒரு சொட்டுக்கூட வரவில்லை. நாற்பது நகமாவது பார்த்திருப்பேன், ரத்தம் வராமல் இருந்ததில்லை. அந்த இடத்திலேயே நான் வாயை மூடிக்கொண்டு, "எனக்குத் தெரியல அண்ணே, யாராவது டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லியிருக்கலாம். சுற்றி எட்டுப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"காய்ஞ்சு போன ரத்தம்" என்றேன். "அப்படியே நகத்தோட வளர்ந்து போயிடும்."

பிறகு அரத்தை எடுத்து நகத்தின் அடியில் குறுக்கே கோடு கிழித்தேன். பந்தயத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டோம். அவர் கட்சியில் இரண்டு பேர், எதிர்க்கட்சியில் நாங்கள்.

கோடு நகர்ந்தது. மாதம் ஒருமுறை விரலை வாங்கிப் பார்ப்பேன். நடு நகத்துக்கு வந்தது, முக்கால் நகத்துக்கு வந்தது, ஏழாவது மாதம் நுனியில் வெட்டுப்பட்டுப் போயே போய்விட்டது. கறுப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அடியிலிருந்து நுனி வரை, முன்பைவிட இரண்டு பங்கு அகலமாக. கோட்டுக்குப் பின்னால் புதிதாக முளைத்த நகமும் கறுப்பாகவே முளைத்திருந்தது.

அவர்தான் கேட்டார். "கோடு போயிடுச்சேப்பா. இது ஏன் போகல?"

கேள்வி எவ்வளவு நேரானது, பாருங்கள். அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

"மறுபடியும் அடிச்சிருப்பீங்க. வயசாகுதுல்ல அண்ணே, கை தப்புது. ஒத்துக்கோங்க."

எங்கள் தொழிலில் கறுத்த நகம் என்றால் சுத்தியல்தான். வேறு எதுவும் எங்கள் புத்தியில் ஏறாது. ஒரு கறுப்பு போகவில்லை என்றால் அதன் மேலேயே இன்னோர் அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான் கணக்கு. தன் கையை இருபது வருடமாகத் தெரிந்துவைத்திருந்த மனிதர், எங்கள் பேச்சைக் கேட்டுத் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்தார். அடுத்த வாரம் கண் பரிசோதனைக்குப் போய்க் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். விளிம்பு மடிக்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். இன்னும் மெதுவானார். முதலாளி கத்தினார். அண்ணன் ஒருநாள் என்னிடம், "எப்ப அடிச்சுக்கறேன்னே தெரியலப்பா, பயமா இருக்கு" என்றார். நான் அதற்கும் ஏதோ ஒரு கேலி சொன்னேன். என்ன கேலி என்று நினைவில்லை, அவர் சிரிக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்கடுத்த வருடம் கறுப்பு நகத்தைத் தாண்டி அடியிலுள்ள தோலுக்கு வந்தது. மூன்றாவது முறையாக என்னிடம் காட்டினார். கிரீஸ் என்றேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். தேய்த்தார், போகவில்லை. பிறகு நகம் நடுவில் பிளந்து கசிய ஆரம்பித்தது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் பூஞ்சைக் காளான் என்று களிம்பு கொடுத்தார்கள். களிம்பைத் தடவித் துணி சுற்றிக்கொண்டு இரண்டு மாதம் வேலை பார்த்தார். ஒருநாள் துணியை அவிழ்த்தபோது நகமே துணியோடு வந்துவிட்டது. அடியில் சதையும் கறுத்துப் புண்ணாகி இருந்தது. அன்றே அவரை வண்டியில் உட்கார வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அண்ணி கம்பெனியில் இருந்தார்.

தோல் டாக்டர் ஓர் அம்மா. வெள்ளை விளக்கின் அடியில் விரலை வைத்து, கண்ணாடி பதித்த ஒரு கருவியால் நெடுநேரம் பார்த்தார். நடுவே ஒருமுறை அண்ணனுடைய அக்குளைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்ப அடிபட்டுச்சு?" என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டர்" என்றேன்.

"அவருக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லம்மா" என்றார் அண்ணன். "எனக்கு அடிபட்ட மாதிரியே தெரியல. இவங்கதான்..." என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்திக்கொண்டார்.

நான் விடவில்லை. ஊக்கு வைத்ததையும் கோடு கிழித்ததையும் விவரமாகச் சொன்னேன். நாங்களும் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை என்று காட்டுகிற மாதிரி சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கோடு முன்னாடி போயிடுச்சு. கறுப்பு போகலையா?"

"இல்ல."

"நகம் வேர்ல முளைச்சு முன்னாடி தள்ளிக்கிட்டே வரும். அடிபட்ட ரத்தம்னா நகத்தோட ஒட்டிக்கிட்டு அதுவும் முன்னாடி போயிடும். நகராம நிக்குதுன்னா அது ரத்தம் இல்லைங்க. வேர்ல ஏதோ ஒண்ணு தினமும் புதுசா கறுப்பை போட்டுக்கிட்டே இருக்குன்னு அர்த்தம்." என் பக்கம் திரும்பினார். "கறுத்த தோல் உள்ளவங்களுக்கு நகத்துல கோடு வர்றது சகஜம்தான். பல விரல்ல இருந்தா பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்ல. ஆனா ஒரே ஒரு விரல், நடு வயசுல புதுசா வந்தது, அகலமாகிட்டே போகுது, தோலுக்கும் பரவுதுன்னா உடனே காட்டணும். நீங்க கிழிச்ச கோடு நல்ல சோதனை. நாங்களும் அளந்து அதைத்தான் பார்ப்போம். பதிலும் அன்னைக்கே சரியா வந்திருக்கு."

அவர் குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். சோதனையைச் செய்தவன் நான், பதிலைக் கையில் வாங்கியவனும் நான். அதை வைத்து டீ குடித்திருக்கிறேன்.

ஒரு துண்டு சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய். கறுப்பு நிறத்தை உண்டாக்குகிற செல்லில் வருவது, நகத்தடியிலும் வருமாம். கட்டைவிரலை அடியோடு எடுத்தார்கள். அக்குளில் இருந்த கட்டிகளையும் எடுத்தார்கள். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் விரலோடு முடிந்திருக்கலாம் என்று வேறொரு டாக்டர் சொன்னார். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு தடவை அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் வேலைக்கு வந்தார். மீதி நான்கு விரலால் இரும்புக் கட்டையைப் பிடித்துப் பார்த்தார். கட்டை நழுவிக் காலடியில் விழுந்தது. எடுத்தார், மறுபடியும் விழுந்தது. முதலாளி அவரை உப்புத்தாள் தேய்க்கிற வேலைக்கு மாற்றினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவிக் காட்டிய வளைவுகளை நாங்கள் விளக்கைச் சாய்த்துச் சாய்த்துத் தேடினோம். ஐந்து மாதம் போல வந்தார். பிறகு படி ஏறினால் மூச்சு வாங்கியது. நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது.

படுத்த பிறகு நான் தினமும் போவேன். ஆளே பாதியாகிவிட்டார். அண்ணி வேலையை விட்டுவிட்டார். எதையும் பறந்து பறந்து செய்கிறவர், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது. ஒரு மத்தியானம் அண்ணி மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது அண்ணன் என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"நீ ஊக்கு வெச்சது, கோடு போட்டது, இதெல்லாம் அவகிட்ட சொல்லிடாத."

"ஏண்ணே?"

"அவ தாங்க மாட்டா. உன்னையும் விட மாட்டா. எனக்கப்புறம் அவளுக்கு ஏதாவது ஒண்ணுன்னா வந்து நிக்க நீதானே இருக்க?"

"சரிண்ணே" என்றேன். அவர் சாகக் கிடக்கிறார், நான் தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். இப்படிப்பட்டவன் நான். இப்போது உங்களிடம் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அதிலிருந்து ஒன்பதாவது நாள் அண்ணன் போய்விட்டார். காலை பத்து மணிக்கு, வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, அண்ணி தண்ணீர் கொண்டுவரத் திரும்பிய நேரத்தில்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போனேன். குழாய்க்கு வாஷர் மாற்றினேன், கதவுக்குக் கொண்டி போட்டேன், கேஸ் சிலிண்டரை மேலே தூக்கி வைத்தேன். அண்ணி டீ போட்டுக் கொடுப்பார். ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டார். "வாங்க தம்பி", "உக்காருங்க தம்பி", "சரி தம்பி". அந்தத் தம்பி ஒவ்வொன்றும் எனக்கு உள்ளே இறங்காது. எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீயைக் கீழே வைத்துவிட்டு, அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை மீறினேன்.

"அண்ணி, அண்ணன் அந்த விரலை முதல்ல என்கிட்டத்தான் காட்டினாரு. மூணு தடவை காட்டினாரு. மூணு தடவையும் நான்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"தெரியும் தம்பி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"முத நாளே தெரியும். அன்னைக்கு சாயங்காலம் வந்து விரலைக் காட்டினாரு. இது அடிபட்ட மாதிரி இல்லையே, வாங்க ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். 'அவன் பாத்துட்டான், ஒண்ணுமில்லன்னுட்டான்'னாரு. பட்டை அகலமானப்ப கேட்டேன். அதுக்கப்புறமும் கேட்டேன். 'அவன் பாத்துட்டான்', 'அவன் பாத்துட்டான்'. சரி, தொழில் தெரிஞ்சவரு பாத்திருக்காரு, நமக்கென்ன தெரியும்னு நானும் விட்டுட்டேன்."

"என்னைத் திட்டிடுங்க அண்ணி. கையில கிடைச்சதை எடுத்து அடிச்சாலும் சரி."

"திட்டினா உங்களுக்கு ஆறிடும். எனக்கு?"

மடித்த துணிகளை அண்ணி அலமாரியில் வைத்துவிட்டு, என் டீக் கப்பை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் கழுவிக் கவிழ்த்தார். ஈரக் கையோடு திரும்பி வந்து நின்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அவரு இருக்கறவரைக்கும் அவருக்காக உங்களை உக்கார வெச்சேன். போனப்புறம், இந்த வீட்டுக்கு வேற யாரும் வர்றதில்லன்னு உக்கார வெச்சேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நீங்க படியேறி வரும்போது, அப்பவே அவரு கையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருக்கலாமேன்னு எனக்கு அடிவயிறு எரியுது. இனிமே வராதீங்க தம்பி."

"அண்ணி, ஏதாவது ஒண்ணுன்னா..."

"ஒண்ணுன்னா பாத்துக்கறேன்."

நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.